இருங்க என்று காட்டிய கை

ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து திரும்பி மூன்று வாரமாகியும் ரோசம்மாளிடம் அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. யானை பார்த்தீர்களா, சோறு கிடைத்ததா என்றுதான் கேட்டார்கள். பெங்களூரிலிருந்து மகள் கவிப்பிரியா, "இனிமேலாவது வூட்ல சும்மா இரும்மா" என்று போனில் சொன்னாள். கணவர் இறந்தபின் அதியமான்கோட்டை வீட்டில் சும்மா இருக்க முடியாமல்தானே ரோசம்மாள் கிளம்பிப் போனாள்!

முப்பத்து நான்கு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் ரோசம்மாள். மலாவியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு கிராமத்துக் கிளினிக்குக்கு ஆறு மாதத் தொண்டுக்கு ஆள் தேவை என்றதும் பெயர் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அவளை மைக் முன்னால் அழைத்தார். "அஞ்சு நிமிஷம் பேசுங்கம்மா, எல்லாருக்கும் உற்சாகமா இருக்கும்."

தொண்டு வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தாள். அதை விரித்தாள். எதிரே தெரிந்த முகங்களைப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டாள்.

"மழைக்காலங்க. மலேரியா காய்ச்சலு. வாசல் வரைக்கும் கூட்டம். ஒரு பொண்ணு கொழந்தையத் தூக்கிட்டு வந்தா. எனக்கு அவுங்க பாஷ தெரியாது. கொஞ்சம் இருங்கன்னு கைய இப்படிக் காட்டினேன்." உள்ளங்கையை உயர்த்தி இரண்டு தரம் அசைத்துக் காட்டினாள். "திரும்பிப் பாக்குறப்ப ஆளக் காணோம். நான் போகச் சொல்றேன்னு அவ நெனச்சுக்கிட்டா. எட்டு கிலோமீட்டர் நடந்து வூட்டுக்கே போயிட்டா. மறுநா காலையில திரும்பத் தூக்கிட்டு வந்தா. மத்தியானத்துக்குள்ள கொழந்த போயிருச்சுங்க."

காகிதத்தை இன்னும் சிறிதாக மடித்தாள்.

"அங்க நன்றி சொல்றதுன்னா ரெண்டு கையையும் மெதுவாத் தட்டுவாங்க. அவ என் முன்னாடி மண்டி போட்டு அப்படித் தட்டிட்டுப் போனா. என்னத்துக்கு நன்றின்னு எனக்கு இன்னிக்கும் தெரியலைங்க."

ஃபாதர் எழுந்து ஏழைகளுக்கு உழைப்பவர்களுக்காக ஒரு சிறு ஜெபம் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். ரோசம்மாள் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள்.

கணவரின் தம்பி ராஜாமணி பின்னாலேயே வந்தார். "ஏன் அண்ணி, இதெல்லாம் போயி மைக்குல சொல்லணுமா? நல்லது எவ்வளவோ பண்ணியிருப்பீங்க, அதச் சொல்லியிருக்கலாமில்ல?"

"அதுவும் பண்ணேன் தம்பி" என்றாள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சசிகலா வந்து நின்றாள். ஹைவே ஓரத்தில் டிபன் கடை வைத்திருப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் மகனைப் பறிகொடுத்தவள்.

"அந்தக் கொழந்த பேரு என்னங்கக்கா?"

ரோசம்மாளுக்கு அது தெரியவில்லை. அன்று கிளினிக் கூட்டத்தில் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கிளினிக்கில் இருக்கும் சிஸ்டர் ஆக்னஸுக்கு அந்தப் பெயரைக் கேட்டு வாட்ஸப்பில் எழுதினாள். மூன்று நாள் பதில் இல்லை. வேலைக்கு நடுவே இதையெல்லாம் யார் தேடுவார்கள் என்று நினைத்தாள். சமைக்கப் பிடிக்காமல் ரொட்டியைத் தின்றுவிட்டு, மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் பதில் வந்தது. பழைய ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார்களாம். லிம்பானி. பதினான்கு மாதம். அந்தப் பெயருக்கு அந்த ஊர்ப் பாஷையில் திடமாக இரு என்று அர்த்தமாம்.

உடனே சசிகலாவின் கடைக்கு நடந்தாள்.

"லிம்பானி" என்றாள், கடைக்குள் நுழையும்போதே.

சசிகலா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "லிம்பானி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எம் பையன் பேரு நித்தீசுங்க. இப்பல்லாம் அவன் பேர யாரும் சொல்றதில்ல. சொன்னா நான் அழுவேன்னு நெனைக்கிறாங்க."

"நித்தீசு" என்றாள் ரோசம்மாள்.

ஒகேனக்கல் போகிற டூரிஸ்ட் வேன் ஒன்று வந்து நின்றது. இருபது பேர் இறங்கினார்கள். சசிகலா ஒரு டீயை ரோசம்மாள் முன் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அப்புறம் அவளுக்குத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. ரோசம்மாள் டீயைக் குடித்து முடித்து, சர்வீஸ் ரோட்டோரமாக வீட்டுக்கு நடந்தாள்.