முள்ளும் ஆறு நிமிடமும்

அந்தத் தையல் தொழிற்சாலையின் நேரக் காப்பாளருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் முள்ளு. கடிகார முள்ளா, காலில் குத்துகிற முள்ளா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. முதலாவதாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டு பெருமைப்பட்டார்.

அவர் வேலை சின்னது, அதிகாரம் பெரியது. காலை எட்டரைக்குப் பிறகு வாசலில் கால் வைப்பவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதினால் அரை நாள் சம்பளம் வெட்டு. சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு பொத்தானை அழுத்தினால் இருநூறு தையல் இயந்திரம் ஒரே மூச்சில் நிற்கும். இப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டிலிருந்து தொழிற்சாலை வரை இருபது நிமிடச் சைக்கிள் பயணத்தில் மணி என்னவென்று தெரியாமல் போவது தாங்க முடியாத அவமானமாகப்பட்டது. கையில் கட்டியிருந்த கடிகாரம் சட்டைக் கைக்குள் ஒளிந்துகொண்டது. அதை ஒருநாள் விலக்கிப் பார்க்கப்போய், பால் வண்டியில் மோதி, பாலில் குளித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அதன்பிறகுதான் பழைய இரும்புக் கடையில், உடைத்துப் போட்ட காரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன முள் கடிகாரம் கிடைத்தது. உள்ளங்கையளவு வட்டம், சாவி கொடுத்தால் ஓடும். சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டுபோய், ஹேண்டில்பாரின் நடுவில் மணியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தச் சொன்னார்.

"குலுங்குற வண்டியில கடிகாரம் நிக்காது சார்."

"நிக்கவா வாங்கினேன்? ஓடத்தான் வாங்கினேன். நீ மாட்டு."

கடைக்காரர் கிளிப் போட்டு, அடியில் பழைய ட்யூபை வெட்டி மெத்தை கொடுத்து, திருகி விட்டார்.

வீட்டில் மனைவி அதைச் சுற்றிவந்து பார்த்தாள். "நல்லாருக்கு. பிரேக்கு மட்டும் பிடிக்கல, மணி இல்ல. மோதினா எத்தனை மணிக்கு மோதினோம்னு சரியா சொல்லலாம்."

முள்ளு காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் இரவு வானொலிச் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிசெய்து சாவி கொடுப்பார். தொழிற்சாலையில் சைக்கிளை வாசலுக்கு நேராக, கடிகார முகம் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்துவார். "உள்ள சுவர்ல தொங்குறது வெறும் கடிகாரம். இது ஒரு வினாடி பிசகாது" என்று மூன்று வாரம் போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னார். கேட்டவர்களைவிடச் சொன்னவர்தான் அதை முழுதாக நம்பினார்.

நான்காவது வாரம் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். பள்ளத்திலும் மேட்டிலும் எலும்பு கழன்றுவிடும்படி ஏறி இறங்கி வந்து சேர்ந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சைக்கிள் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மதியம் யாரும் பார்க்காதபோது திருப்பிக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

மதியம் வரை விதி காத்திருக்கவில்லை. அதே பள்ளத்தில் மாட்டிக்கொண்ட பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்த பதினோரு பெண்கள், சுவரில் எட்டு முப்பத்து மூன்று ஆனபோது வாசலில் நின்றார்கள். முள்ளு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முன்னால் நின்றவள் காலர் தைக்கும் பெண். வாய்க்கூர்மையால் ஊசி அக்கா என்று பெயர். அவள் சைக்கிளைக் காட்டினாள். "எட்டு இருபத்தேழுதானே காட்டுது? ஒரு வினாடி பிசகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். அவர் மணிக்கட்டில் மாமனார் போட்ட தங்கக் கடிகாரம் மின்னியது. அது ஓடுவதை நிறுத்தி ஆறு வருடம். அதைக் கம்பீரமாக ஒருமுறை பார்த்துவிட்டு, "எதுய்யா சரி?" என்றார்.

'சைக்கிள் தப்பு சார்' என்ற மூன்று சொல் முள்ளின் தொண்டைவரை வந்தது. பதினோரு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. மூன்று வாரப் பெருமையும் பார்த்தது.

"சைக்கிள்தான் சார் சரி."

மேலாளர் சுவர்க் கடிகாரத்தை ஆறு நிமிடம் பின்னுக்குத் தள்ள உத்தரவிட்டார். பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அன்று சாயங்காலம்வரை முள்ளு ஒரு நல்ல மனிதர்.

சாயங்காலம் சங்கு ஆறு நிமிடம் தாமதமாக ஊதியது. பைகளைச் சோதித்து வெளியே விடுவதற்குள் ஐந்து நாற்பது பேருந்து முனையைத் தாண்டிவிட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. பேருந்து ஓட்டுநருக்குத் தொழிற்சாலையின் புதிய நேரத்தைப் பற்றி யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

முள்ளுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. தெருப் பள்ளத்தை மறுநாளே மூடிவிட்டதால், இரவில் வானொலியைக் கேட்டுச் சரிசெய்த கடிகாரம் பிசகாமல் ஓடி, காலையில் சுவரோடு ஒத்துப்போகவில்லை. அதனால் தினமும் தொழிற்சாலைக்கு முந்தின திருப்பத்தில் இறங்கி, சரியான கடிகாரத்தைத் தப்பாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். உண்மையைக் கெடுக்க இவ்வளவு ஒழுங்காக உழைத்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் அந்தத் திருப்பத்தில் ஊசி அக்கா நின்றிருந்தாள்.

"தினமும் இந்தப் பூசைதானா?" என்றாள்.

அவர் கை முள்ளின் மேலேயே நின்றது.

"எம் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டின வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் உக்காந்திருக்கா. முதல் நாள் எங்களுக்கும் ஆதாயம்தான். நானும் சிரிச்சேன். ஆனா இப்ப போதும்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவள் திட்டவில்லை. முள்ளு நேராக மேலாளர் அறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "நான் சொல்லி மாத்தினது. அது எப்படிய்யா தப்பாகும்? போய் வேலையப் பாருங்க."

முள்ளு போய் வேலையைப் பார்த்தார். மூன்று மணிக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஆறு நிமிடம் முன்னுக்குத் தள்ளினார். அன்று சங்கு சரியாக ஊதியது. ஓட்டமும் நடையுமாகப் பெண்கள் பேருந்தைப் பிடித்தார்கள்.

மறுநாளே விசாரணை. நிறுவனத்தின் ஆறு நிமிடத்தைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. சுவர்க் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய அன்று சாயங்காலம் நிறுவனம் தொழிலாளர்களிடம் வாங்கிக்கொண்ட ஆறு நிமிடம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவரைப் பின்கட்டில் இருந்த பொத்தான் அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, யாருக்கும் சிவப்பு மை போடவும் வழியில்லை. புதிய நேரக் காப்பாளர் மேலாளரின் சித்தப்பா மகன். எட்டரைக்கு வருகிறவர்களைக் கண்காணிக்க ஒன்பது மணிக்கு வருவார்.

முதல் வாரம் முள்ளு சுவரைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார். இரண்டாவது வாரம் பொத்தான்களை அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போடத் தொடங்கினார். தனக்கு அது பிடித்திருக்கிறது என்பதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் ஊசி அக்கா கவுண்டரில் வந்து நின்றாள்.

"வெள்ளை, நாலு துளை, நூறு வேணும் அண்ணே."

இந்தத் தொழிற்சாலையில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் தலையைத் தூக்காமல் எண்ணி, பொட்டலம் கட்டி நீட்டினார்.

"நூத்தியஞ்சு வச்சிருக்கேன் தங்கச்சி. உடைஞ்சா எடுத்துக்க."