ஒரு சிட்டிகை சோடா

‘2025 மார்ச் 12, புதன். இன்று ஒரு சிறு பிழை. பட்டுக்கூடுகளை வெறும் நீரில் வேகவைக்கச் சொன்னார்கள். கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை சோடா போட்டுவிட்டேன். செய்முறை நோட்டில் எழுதவில்லை.’

திங்கட்கிழமை இரவு, கல்லூரியில் மாலை நேர வகுப்பு முடிந்து, சேவூர் பஸ்ஸில் உட்கார்ந்து, டைரியின் அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள் ஸ்வர்ணலதா.

சாயம் ஏற்றும் முன் பட்டு நூலை வேகவைப்பது வீட்டில் அவள் வேலை. நூலின் பசை போக வேண்டும், அதற்குத்தான் சோடா. கல்லூரி ஆய்வகத்துக்கு வேண்டியிருந்ததோ அந்தப் பசையேதான். அது ஒரு புரதம். புண் ஆற உதவுமா என்று பார்க்க வேலூர் மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தது. சோடா பட்டால் அது துண்டு துண்டாகிவிடும். சோடா வெளியேறட்டும் என்று கரைசலைச் சவ்வுப் பையில் கட்டி, நீரில் தொங்கவிட்டு, மூன்று நாள் நீர் மாற்றிப் பார்த்தாள். சோடா போயிற்று. உடைந்தது ஒட்டவில்லை.

இன்று சோதனையில், புரதம் உடையாமல் இருந்தால் கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் கறை. பாடம் நடத்தும் சிவசங்கரி மிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“கூடுதாம்பா சரியில்ல, தென்னரசு. ஸ்வர்ணா மேல குத்தம் சொல்ல முடியாது. அவ நோட்ட பாரு, நிமிஷம் நிமிஷமா எழுதிகிறா.”

கூடு கொடுத்தவள் படவேட்டில் பட்டுப்புழு வளர்க்கும் ரங்கம்மாள், உடன் படிக்கும் தென்னரசுவின் அம்மா.

“எங்கம்மா சோறு துன்னாம புழுவுக்கு தழை போட்டுகினு இருந்துச்சி மிஸ். நல்லா துன்னுட்டு ஏமாத்திடுச்சிங்க.”

“மிச்சம் கூடு இருக்கா?”

“எல்லாம் சந்தைக்கு போயிடுச்சி மிஸ்.”

“சரி, இந்தக் கூடு ஆவாதுன்னு அறிக்கைல எழுதிடறேன். நாளைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணும்.”

மிஸ் போன பிறகு தென்னரசுவின் கேலி நின்றது. “அறிக்கைல தன் பேர் வரும்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிகிது. இப்ப இன்னான்னு சொல்றது? நீ இன்னாத்துக்கு இப்பிடி நிக்கிற, உங்க வூட்டு கூடா?”

ஸ்வர்ணலதா நோட்டை மூடினாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இனிமேல் சொன்னாலும் திரும்பச் செய்து பார்க்க ஒரு கூடுகூட இல்லை. ரங்கம்மாளின் கூடு நல்லதா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐந்து நாள் மறைத்தவளின் வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம்.

பஸ் குலுங்கலில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

‘மார்ச் 17, திங்கள். நாளை: மாலை ஐந்தரை மணிக்கு, வகுப்பு தொடங்கும் முன், சோடா போட்டதை மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். தென்னரசுவும் கூட இருக்க வேண்டும்.’