ஆறு மணிக் கேள்விகள்

என் தம்பி லாயிட் வியாழக்கிழமை மட்டும்தான் தலை வாருவான். மற்ற ஆறு நாளும் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். வியாழன் மூன்றரைக்கு எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, போனும் கையுமாகக் கட்டிலில் உட்காருவான். நாலு மணிக்கு அதிதி கூப்பிடுவாள். வீடியோ எல்லாம் கிடையாது, வெறும் குரல்தான். "அவ பாக்கவா போறா? எதுக்குடா சட்டை?" என்று கிண்டல் செய்தால், "சும்னே, சும்மா இருக்கட்டும்க்கா" என்பான்.

அவனுக்கு பைபோலார், மனசு ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக விழும் நோய். இரண்டு வருடம் முன்பு தொம்மலூர் ஆபீசில் நாலு பேர் வேலையை ஒருத்தனாகச் செய்து கைதட்டல் வாங்கினான். அடுத்த மாதமே படுத்தவன்தான், இன்னும் எழவில்லை. மாத்திரை எழுதித் தரும் டாக்டருக்கு அவனோடு பேச மூன்று நிமிடம் கிடையாது. இருபது நிமிடம் பொறுமையாகப் பேசிய ஒரே ஜீவன் அந்த அதிதிதான். என்னிடம்கூட அவன் அவ்வளவு பேசியதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அழைப்பு சும்மா வரவில்லை. இந்த மாதிரி மனநோய் உள்ளவர்களை வைத்து ஏதோ ஆராய்ச்சி; அதில் வாரம் ஒருமுறை பேசும் ஆலோசகர்தான் அதிதி. சேர்ந்தவர்கள் தினமும் மாலை ஆறு மணிக்குப் போனில் வரும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் போட வேண்டும். தூங்கினீர்களா, குளித்தீர்களா, சாப்பிட்டீர்களா, யாரிடமாவது பேசினீர்களா, கடைசியில் மனசுக்கு சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு எண். தொடர்ந்து மூன்று நாள் விட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் வியாழக்கிழமையும் போச்சு.

முதல் மூன்று வாரம் அவனே போட்டான். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. நாலாவது வாரம் இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் புதன்கிழமை. நான் மாதா கோயிலில் ஐந்து மணி நொவேனா ஜெபம் முடிந்து உள்ளே நுழைகிறேன், போன் கிணுகிணுக்கிறது. "லாயிட், எழுந்திருடா, இதை மட்டும் போட்டுட்டுப் படு" என்று கெஞ்சினேன். அப்புறம் திட்டினேன். ஆள் அசையவில்லை. நான் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், மற்றவர்களுக்காகப் படிவம் நிரப்பியே பழகிய கை. போனை எடுத்தேன்.

குளித்தீர்களா? அவன் குளித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் அம்மா பெற்ற பிள்ளை குளிக்கவில்லை என்று முன்பின் தெரியாதவனுக்கு நான் சொல்வேனா? 'ஆம்' என்று தட்டினேன். மனசுக்கு மூன்று போட்டேன்.

அன்றிலிருந்து தினமும் நான்தான். ஒவ்வொரு புதன்கிழமையும் நொவேனாவிலிருந்து வந்ததும் ஒரு எண் கூட்டினேன். நாலு, ஐந்து, ஆறு. மாதாவிடம் எதைக் கேட்டேனோ அதையே அங்கேயும் போட்டேன். இருந்ததைப் போடவில்லை. பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை, சத்தியமாக. போட்டுவிட்டு மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காய் நறுக்குவேன்.

எட்டு போட்ட மறுநாள், வியாழன் நாலு மணிக்கு, அழைப்பு வரவில்லை. செய்திதான் வந்தது. ஐந்து வாரமாகத் தொடர்ந்து முன்னேற்றமாம், வாழ்த்துகளாம். இனி அழைப்பு தேவைப்படாததால் அந்த நேரத்தை வரிசையில் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். லாயிட் அதைப் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான்.

சமையலறைக்கு ஓடி, அழைப்பு வரும் நம்பருக்கே போன் அடித்தேன். அதிதியே எடுத்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மேடம், அவர் வாராவாரம் முடியலன்னுதான் சொன்னார். 'ஸ்கோர் ஏறிட்டே இருக்கே லாயிட், உங்களுக்குத்தான் தெரியல'ன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன். அப்புறம் அவரும் சொல்றத விட்டுட்டார்."

"இப்பத்தான் தெரிஞ்சிடுச்சே. மறுபடி சேத்துக்கோம்மா, உனக்குப் புண்ணியமா போகும்."

"வேற ஆள் போட்டதுன்னா அவரோட பதில் மொத்தத்தையும் நீக்கிடுவாங்க மேடம். திரும்பச் சேக்க ரூல் இல்ல. ஸாரி."

"உன் ரூலைக் கொண்டுபோய் அடுப்புல போடு!" என்று கத்தினேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவளிடம் ஏன் கத்தினேன்? ஒரு ஆஸ்பத்திரி நம்பர் கொடுத்தாள். அங்கே கேட்டதற்கு, நாலு மாதம் கழித்து ஒரு தேதி சொன்னார்கள்.

உள்ளே போனேன். லாயிட் இன்னும் அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். நான் கத்தியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும்.

"நான்தான் போட்டேன்னு உனக்குத் தெரியுமாடா?"

"அவ ஆறுன்னு சொன்னப்பவே தெரியும்."

"பாவி, அவகிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நம்பரப் போட்டுட்டு நீ பாடுவேக்கா" என்றான். "அதைக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் சட்டையைக் கழற்றி மடித்துத் தலையணை பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மணி ஆறாயிற்று. போன் சத்தமே போடவில்லை. மனசு கேட்காமல் நானே கேட்டேன்.

"தூங்கினியாடா?"

"இல்ல."

"குளிச்சியா?"

"இல்ல."

"சாப்பிட்டியான்னு கேக்கல, பார்த்தேன். யார்கிட்டயாவது பேசினியா?"

"இல்ல."

"மனசு?"

"சைபர்" என்றான் சுவரைப் பார்த்தபடி.

அதைப் போட ஒரு இடமும் இல்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.