அனுமந்தன்பட்டியில் விழுந்த ஆப்பிரிக்கக் கிழங்கு

2003 வைகாசியில், அனுமந்தன்பட்டி ஈஸ்வரபாண்டியின் பட்டறையில் இருந்த கிழங்கு சீவும் மெஷினின் கைப்பிடி, யாரும் தொடாமல் தானாகச் சுற்றத் தொடங்கியது. மேலே ஒரு கிழங்கும் போடவில்லை. ஆனாலும் அடியில் வெள்ளை வெளேரென்று கப்பக்கிழங்குச் சீவல் விழுந்தது. ஓரங்களில் ஒட்டியிருந்த மண் நம் பக்கத்து மண் இல்லை, செங்கல்பொடி மாதிரிச் சிவப்பு. அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லை, நாற்றங்கால் காய்ந்து கிடந்தது. ஊர் இதைப் பற்றி ஒரு வாரம் பேசிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசப் போய்விட்டது. ஈஸ்வரபாண்டியின் மனைவி மூக்கம்மாள் மட்டும் மெஷினுக்கடியில் ஒரு முறத்தை வைத்தாள். "வெயிலு சும்மாதான அடிக்குது" என்று சீவலைக் காயப்போட்டாள்.

உத்தமபாளையம் வக்கீல் சொர்ணலதா வந்து பார்த்தாள். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் பார்த்துக்கொண்டிருந்தவள். இந்த மெஷினுக்காகத்தான் சென்னையில் ஓர் ஆபீசைப் பிடித்து, 2001 கடைசியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நார் சிக்காமல் கிழங்கைத் தள்ளிவிடும் வளைந்த தட்டு, ஈஸ்வரபாண்டி தானே யோசித்து அடித்தது. "இது என்னுதுன்னு யாராச்சும் ஒத்துக்கிட்டாப் போதும் வக்கீலம்மா" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்டதில்லை. அந்தச் சிவப்பு மண், படங்களில் பார்த்த ஆப்பிரிக்க மண் என்று தெரிந்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கப்பக்கிழங்கு தின்கிற ஆப்பிரிக்க ஊர்களில் எவனோ இதே மெஷினைக் காப்பியடித்து விற்கிறான், அங்கே சுற்றச் சுற்ற இங்கே விழுகிறது.

ஆப்பிரிக்கா என்றால் ஒரு கதவு, தட்டினால் திறக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஹராரே என்ற ஊரில் இருக்கும் கூட்டு ஆபீசில் விண்ணப்பித்தால் பல நாடுகளுக்குச் சேர்த்துக் கேட்கலாம், ஆனால் எந்தெந்த நாடு என்று பெயர் சொல்ல வேண்டும். யாவுண்டேயில் இருக்கும் இன்னொரு ஆபீசில் ஒரே பதிவு, பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டம் முழுவதுக்கும் செல்லும், ஆனால் அங்கிருந்து வரும் கடிதமெல்லாம் பிரெஞ்சில். நைஜீரியா தனி, தென்னாப்பிரிக்கா தனி. மெஷின் வேலை செய்யும் விதத்துக்குக் காப்புரிமை, தட்டின் தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு, ஆக எங்கே போனாலும் இரண்டு வேலை. அங்கங்கே உள்ளூர் வக்கீல் பிடிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் கையெழுத்தும் முத்திரையும் தனித்தனியாகப் போக வேண்டும். நாயாக அலைந்தாள். கைப்பிடி தானாகச் சுற்றுவதைப் படம்பிடித்தும் அனுப்பிப் பார்த்தாள். இந்த வகைச் சாட்சியத்துக்கு விதியில் இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

மெஷினுக்கும் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. நமக்குச் சாப்பாட்டு வேளை நெருங்கும்போதுதான் சுற்றத் தொடங்கும், அவர்களுக்கு அப்போதுதான் விடிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை அசையாது. கோயிலுக்குப் போயிருப்பாக என்பாள் மூக்கம்மாள். அவள் ஆடுகள் ஆப்பிரிக்கக் கிழங்கைத் தின்று கொழுத்தன. சொர்ணலதாவுக்குத் தலை நரைத்தது, முழங்கால் வலி வந்தது, பாகப்பிரிவினைக் கட்சிக்காரர்கள் வேறு வக்கீலிடம் போனார்கள்.

2007இல் காப்பியடித்த கம்பெனிக்காரன் ஒரு போட்டோவைக் காட்டி அவள் விண்ணப்பங்களுக்கு எதிர்ப்புத் தெரிவித்தான். அதில் சந்தனம் குங்குமம் பூசி, செவ்வந்தி மாலை போட்டு மெஷின் நிற்கிறது. பின்னால் தேதிக் காலண்டர், 2001 சரஸ்வதி பூஜை நாள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு ஒரு கொச்சி வியாபாரி சிரிக்கிறான். அவன் கையோடுதான் மெஷினின் வடிவம் கப்பலேறியிருக்கிறது. விண்ணப்பம் போட்டதோ அதற்கு இரண்டு மாதம் கழித்து. விண்ணப்பத்துக்கு முன் ஊரறியக் காட்டிய பொருள் சட்டத்துக்குப் புதுசு இல்லை, புதுசு இல்லாததற்கு உரிமை இல்லை. சொர்ணலதா போட்டோவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, விண்ணப்பம் போடுற வரைக்கும் யாரும் பாக்கலன்னு சொன்னீங்களே."

"பாக்க யாரும் வரலையேம்மா. பூசைக்கு வந்தாக, சாமி கும்பிட்டாக, பொரிகடலை வாங்கிட்டுப் போனாக. புது மெஷின்னா வந்தவுக கை ஒரு சுத்தாவது படணும்ல? கோணியப் போட்டு மூடியா சாமி முன்னால வைக்கிறது?"

அவளுக்கு அழுகை வந்தது. கோபப்படத் தெம்பில்லை. அந்தப் பூஜையன்று அவளும் தன் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கியவள்தான். பூஜைக்கு யார் வந்தார்கள் என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் விடாமல் மூன்று வருஷம் எழுதிப் பார்த்தாள். சாமி கும்பிடுவது பொருட்காட்சி ஆகாது என்று வாதாடினாள். ஒவ்வொரு நாடாக இல்லை என்றது. 2010 ஆவணியில் கடைசி பதிலும் வந்தது. அதைச் சொல்ல வெயிலில் பஸ் ஏறிப் போனாள்.

"எல்லா எடத்துலயும் இல்லன்னுட்டாக அண்ணே. இனிமே அத யார் வேணும்னாலும் செய்யலாம். உங்களுதுன்னு சொல்ல முடியாது. என்னால முடிஞ்சது அம்புட்டுதான்."

ஈஸ்வரபாண்டி கையைத் துணியில் துடைத்தார். மெஷின் ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. அங்கே விடிந்துவிட்டது.

"செய்யட்டும்மா. எவன் செஞ்சாலும் அங்கன சுத்துனா இங்கனதான விழுகுது. வேற எவன் பட்டறையிலயாச்சும் விழுகுதா?"

சொர்ணலதா கையிலிருந்த பதில் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஸ்டூலைச் சுவரை ஒட்டி இழுத்துப்போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். மூக்கம்மாள் அவள் பைக்குள் இரண்டு கை காய்ந்த சீவலை அள்ளிப் போட்டாள். முறம் நிரம்பியிருந்தது. சொர்ணலதா எழுந்து அதை நகர்த்திவிட்டு, சுவரோரம் இருந்த இன்னொரு முறத்தை எடுத்து வைத்தாள்.