கல் உள்ள பழம்

என் வீட்டுக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள்தான் அதற்குக் கண், காது, மூக்கு வைத்துவிடுவார்.

எங்கள் ஏழு வயது மகள் வாலு, செர்ரி தின்று உதடு தடித்த அன்று எனக்குத் தையல் கடையில் வேலை. அவர்தான் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டு வந்து சொன்னார்.

"ஸ்டோன் ஃப்ரூட் ஆகாதாம். கொட்டையை முழுங்கியிருப்பா. கிட்னில கல்லு வந்துடும்."

"இந்த வயசுலயா?"

"உங்கப்பாவுக்கு இருந்துச்சே."

பழியை எங்கள் வீட்டுப் பக்கம் தள்ள அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விதைக்குப் பயந்து தக்காளியை நிறுத்தினேன். வாலு போதும் போதும் என்றாலும் விடாமல் தண்ணீர் கொடுத்தேன். மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கும், மனசு வீட்டில் நிற்கும். ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நேற்று அவர் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார்.

"இதெல்லாம் பெரிய கொட்டை. முழுங்கவே முடியாது."

எங்களுக்குப் பழக்கமில்லாத பழங்கள். பூனைமுடி இருந்தால் பீச், அதற்கே மொட்டையடித்தால் நெக்டரின், கறுத்துச் சிவந்தது பிளம், மஞ்சளாய்ச் சின்னது ஆப்ரிகாட் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். இதை மட்டும் சரியாகக் கேட்டிருந்தார். வாலு பிளம்மைக் கடித்தாள்.

"அம்மா, தொண்டை அரிக்குது."

உதடு என் கண்ணெதிரே வீங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் கடித்துப் போட்டதையும் பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடிவந்தார். பிள்ளை செத்துவிடுவாளோ என்று நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு, டாக்டர் அந்தக் கடித்த பிளம்மைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஸ்டோன்னு இந்தக் கொட்டையைத்தான் சொன்னேன். உள்ள இப்படி ஒத்தக் கொட்டை இருக்கிற பழம் இவளுக்கு ஒத்துக்கல, அலர்ஜி. இந்தப் பை மொத்தமும் அதான்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். திட்ட வாயெடுத்தேன். வாலு என் கையை இழுத்தாள்.

"அப்ப எனக்குள்ள கல்லு இல்லையாம்மா?"

"இல்லடி கண்ணு."

"குதிச்சா உருளாதா?"

கல் வந்தாலும் வந்தது, பிள்ளை ஒரு இடத்தில் சமர்த்தாக உட்கார்கிறாள் என்று இத்தனை நாளும் சொல்லிச் சிரித்தது நான்தான்.