ரிமோட்டில் இருந்த பொட்டு

செல்வராணியின் கணவர் காளிதாஸின் கருமாதி முடிந்த மறுநாளே மகன் கவின் பேச்சை எடுத்துவிட்டான். அம்மா இனி சிங்கப்பூர் எல்லையோரம் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது, கோலாலம்பூரில் அவனுடைய அடுக்குமாடிக்கு வந்துவிட வேண்டும். செல்வராணிக்குக் கண் அழுத்த நோயில் பார்வை போய் வருஷங்கள் ஆகின்றன. ஆனால் இந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவள் கைக்குத் தெரியும். அங்கே போனால் தண்ணீர் குடிக்கக்கூட யாரையாவது கூப்பிட வேண்டும்.

"நான் இருந்துக்குவேன்பா. வேணும்னா சோதிச்சுப் பாரு," என்றாள்.

அவனும் சோதித்தான். கெட்ட பிள்ளை இல்லை, பயந்த பிள்ளை. பயந்த பிள்ளைகள்தான் பெற்றவர்களை அதிகம் படுத்தி எடுக்கிறார்கள். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள், சிந்தாமல் தேநீர் ஊற்றினாள், வாசல் கிரில்லைப் பூட்டித் திறந்து காட்டினாள். குறை சொல்ல அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரிம்மா, வேலை எல்லாம் செய்றீங்க. பொழுதுக்கும் தனியா என்ன பண்ணுவீங்க? பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல."

"டிவி இருக்குல்ல. அப்பா சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சு பாலம் தாண்டி வர்றதுக்குள்ள நான் செய்தி, நாடகம் எல்லாம் கேட்டு முடிச்சிருவேன். யாரு போட்டுக் கொடுத்தா? நானேதான்."

அது உண்மை. ஆனால் அந்த டிவி அவளுக்கு லேசில் வசப்படவில்லை. பழைய ரிமோட்டில் எண்கள் மேடாக இருந்தன, ஐந்தின் மேல் ஒரு புள்ளியும் இருந்தது. போன தீபாவளிக்குக் கவின் வாங்கித் தந்த புது டிவியின் ரிமோட் குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. எந்தப் பட்டன் எங்கே என்று விரலுக்கு ஒன்றும் சொல்லாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று அதற்குள் இருந்தது. அதைத் திறக்க, திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். கண் தெரியாதவருக்கு என்று வைத்த வசதியைக் கண் தெரிந்தவர்தான் திறந்துவிட வேண்டுமாம். எந்த மகானுபாவன் யோசித்தானோ.

காளிதாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் குரலைக் கண்டுபிடித்து, அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து ரிமோட்டில் ஒட்டினார். குரலை எழுப்பும் பட்டனுக்குப் பெரிய பொட்டு, மற்றவற்றுக்குச் சின்னதும் நீளமானதும். "இந்த வீட்டுல ரெண்டு பேருக்குப் பொட்டு வாங்கணும் போல," என்று கேலி செய்தார். அவள் அன்றைக்கு வெகுநேரம் சிரித்தாள்.

இப்போது கவின் பார்த்துக்கொண்டிருக்க, செல்வராணி ரிமோட்டைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் பெரிய பொட்டைத் தேடியது. கிடைக்கவில்லை. திருப்பிப் பிடித்துவிட்டோம் என்று நினைத்து மாற்றிப் பிடித்தாள். அப்போதும் வழவழப்புதான். ஏதோ ஒன்றை அமுக்கினாள். டிவி காது கிழியக் கத்தியது. இன்னொன்றை அமுக்கினாள். புரியாத பாஷையில் யாரோ பேசினார்கள். மூன்றாவதை அமுக்கியதும் எல்லாம் அடங்கிப்போனது. படம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"கொடுங்கம்மா," என்று கவின் மெதுவாக வாங்கிக்கொண்டான். அவன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மெதுவான குரல்தான் அவளை உடைத்தது.

பொட்டுகள் அங்கேதான் இருக்கின்றன, தன் விரலுக்குத்தான் மறந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். கண் போனதோடு புத்தியும் போகிறதா? நாளைக்கு அடுப்பும் மறந்துபோகுமா? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவன் பயம் இன்னும் கூடும்.

"சரிப்பா, வரேன்," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் செல்வராணி அறைக்குள் போனபோது, வெள்ளையம்மா அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். காளிதாஸின் அக்கா. தன் ஊரான காஹாங்கில் நெஞ்சுவலியோடு கிடக்கும் கணவரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்து, துக்க வீட்டு வேலை முழுவதையும் தலைமேல் போட்டுச் செய்தவள். பொட்டுப் பாக்கெட், வளையல், மஞ்சள் என்று சுமங்கலி சாமான் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றியதும் அவள்தான். வாய் சும்மா இருக்காது.

"நீ மனசு உடைஞ்சிறக் கூடாதுன்னு ஒன்னு விடாம எடுத்துட்டேன் ராணி. கண்ணாடில ஒட்டுனது, குளியலறை சுவத்துல ஒட்டுனது எல்லாம். டிவி ரிமோட்டுல கூட ஒட்டி வச்சிருந்தே. அதையும் உரிச்சு, பசை போகத் தேங்கா எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிட்டேன்."

செல்வராணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, எனக்குக் கண்ணு தெரியாது. பொட்டப் பாத்து நான் எப்படி மனசு உடைவேன்?"

வெள்ளையம்மாவின் கை மடித்த சேலையோடு நின்றது.

"அது உங்க தம்பி எனக்கு ஒட்டிக் கொடுத்தது. அதத் தடவித்தான் நான் டிவி போடுவேன். அது இல்லாமத்தான் இப்ப பிள்ளை முன்னாடி முழிச்சேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிட்டேன் அண்ணி."

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. கணவர் செத்ததற்குக்கூட இப்படி அழவில்லை.

வெள்ளையம்மா எழுந்து போய் ரிமோட்டை எடுத்து வந்தாள். "பெருசு இந்த மேல் ஓரத்துல இருந்துச்சு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள். ஒட்டத்தான் ஒன்றும் இல்லை. எல்லாம் குப்பை லாரியில் போயாகிவிட்டது. அவளுடைய வளையல்கள் ஒருமுறை குலுங்கின. பிறகு செல்வராணியின் கட்டைவிரலைப் பிடித்து ரிமோட்டின் மேல் வைத்தாள். அங்கே ஒரு வட்டம் இருந்தது. பெரியது, இன்னும் உடம்புச் சூடு ஆறாதது.

செல்வராணி சட்டென்று கையை நீட்டி வெள்ளையம்மாவின் நெற்றியைத் தொட்டாள். வெறும் நெற்றி.

"அண்ணி, அண்ணன் அங்க உடம்பு முடியாம..."

"போ லா. அவருக்கு ஒன்னும் ஆகாது." வெள்ளையம்மா அவள் கையை விலக்கினாள். "நீ முதல்ல போட்டுப் பாரு."

செல்வராணி கூடத்துக்கு வந்து பொட்டை அமுக்கிப் பிடித்தாள். குரல் எழுந்தது. அது அலைவரிசைகளை ஒவ்வொன்றாக வாசிக்க, அந்தப் பொட்டிலிருந்து மற்றப் பட்டன்களை எண்ணி எண்ணிப் போய்ச் செய்தியில் நிறுத்தினாள், சத்தத்தையும் குறைத்தாள்.

வாசலில் கார்ச் சாவியோடு நின்ற கவின் டிவியைப் பார்த்தான், அத்தையின் நெற்றியைப் பார்த்தான். "அத்தை, பொட்டு எங்க?"

வெள்ளையம்மா முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள்.

"கவின்," என்றாள் செல்வராணி, "அந்தப் பையை எடுக்காத. கடைக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா. ஒன்னு அத்தைக்கு. ஒன்னு எனக்கு."