மூன்றாவது டேப்

மூன்றாவது டேப்பும் உடைந்ததும் சூப்பர்வைசர் ராஜேஷ் என்னைத் தேடி வந்தார். இரும்புக் கட்டையில் போட்ட துளைக்குள் திருகு மரை வெட்டுவதுதான் டேப். அது பாதியில் முறிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. நேற்று வரை ஒன்றுகூட உடையவில்லை. இன்று மதியத்துக்குள் மூன்று.

"சாமை இடிக்கிற கைக்கு இந்த வேலயெல்லாம் தாங்குமா கல்பனா? நாளைலருந்து பிசிறு தேய்க்கிற டேபிளுக்குப் போய்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஜவ்வாது மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கி வந்து, சந்தவாசல் பட்டறையில் இரண்டு வருடம் துடைப்பமும் கையுமாக நின்ற பிறகு ஓட்டக் கிடைத்த, கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் சிஎன்சி மெஷின் இது. விட்டுக்கொடுப்பேனா?

"டேப் போட்டது மெஷினு சார். நான் பட்டன்தான் அமுக்குனேன். என் கை இன்னா பண்ணுச்சு?"

அவர் சுத்தியலும் உளியுமாக, உடைந்ததை அடித்து நொறுக்க வந்தார். நான் துளையைக் கையால் மூடினேன்.

"அடிச்சா மரையும் போய்டும். நவுருங்க சார்."

சத்தம் கேட்டு முதலாளி முக்தார் அகமது வந்து நின்றார். நான் எண்ணெய் விட்டு, முறிந்த டேப்பை உருவும் எக்ஸ்ட்ராக்டரின் மெல்லிய விரல்களை டேப்பின் பள்ளங்களில் இறக்கி, முன்னும் பின்னுமாக அசைத்தேன். அரை மணி நேரம் ஆனது. முறிந்த துண்டு முழுசாக வெளியே வந்தது. துளையின் அடியில் இரும்புச் சுருள் கெட்டியாக அடைத்துக் கிடந்தது.

பக்கத்தில் மரை போடாத துளைக்குள் ஆழம் அளக்கும் வெர்னியரை விட்டேன். ஆழம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். வரைபடத்தில் இருபத்தாறு.

"பாருங்க பாய், நாலு மில்லி கம்மி. சுருளு போக எடமில்லாம டேப் முட்டி உடையுது. ப்ரோக்ராம்ல ஆழத்தக் கொறச்சது நான் இல்லீங்க."

ராஜேஷ் காதைச் சொறிந்தார். "டெலிவரி அவசரம் பாய். துளைக்கு மூணு செகண்ட் மிச்சமாவுமேன்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாய்யா?" என்று அவரை முறைத்துவிட்டு, முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஆழத்தச் சரி பண்ணிட்டு நீயே ஓட்டும்மா."

நான் நகரவில்லை. ப்ரோக்ராமைப் பூட்டும் சின்னச் சாவி எங்கள் பட்டறையில் எப்போதும் மெஷினிலேயே தொங்கும், யார் வேண்டுமானாலும் திருப்பலாம். அதை உருவினேன்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் பாய்."

முதலாளி தலையாட்டினார்.

"அப்ப எனக்கு வேணும்னா?" என்றார் ராஜேஷ்.

"கேளுங்க சார், தர்றேன். இன்னாத்துக்குன்னு சொல்லிட்டு வாங்கிக்குங்க."